பழைய காருக்கு ஸ்டீயரிங் சாமான்: ஓர் உதிரிபாக வரலாறு

1940களில் சென்னை மாகாணத்தில் ஓடிய ஓர் அமெரிக்க காருக்கு இன்று நல்ல டை ராட் எண்ட் கிடைப்பது அரிது. அதே ஆண்டுகளில் வந்த வில்லிஸ் ஜீப்புக்கு வேண்டுமென்றால், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் காலையில் பஸ் ஏறிச் சென்னை போனவர் பொழுது சாய்வதற்குள் வாங்கிவிடலாம். இரண்டும் ஒரே தலைமுறை வண்டிகள், இரண்டும் அமெரிக்காவில் வரைந்தவை. ஆனால் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் இந்தியாவிலேயே பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க கார்களை இங்கே பூட்டி விற்ற தொழிற்சாலைகளோ 1954க்குள் மூடப்பட்டன. பழைய காருக்கு ஸ்டீயரிங் சாமான் தேடுகிறவர் படும் பாட்டுக்குக் காரணம் காரின் வயதில் இல்லை, இந்தத் தொழில் வரலாற்றில் இருக்கிறது.

ஸ்டீயரிங் என்று ஒரே பேரில் சொன்னாலும் அது பல பாகங்கள் ஒன்றோடொன்று கோத்த அமைப்பு. கையில் பிடிக்கும் வீலிலிருந்து ஒரு தண்டு இறங்கி ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் போகிறது. பாக்ஸின் வெளியே தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ளி இழுக்கிறது. அந்தக் கம்பி ஒரு சக்கரத்தின் ஸ்டப் ஆக்சிலைத் திருப்ப, டை ராட் என்ற குறுக்குக் கம்பி அதே திருப்பத்தை மறு சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. ஸ்டப் ஆக்சில் சுழல்வது கிங் பின் என்ற கடினமான எஃகு முளையில்; முளைக்கும் துளைக்கும் நடுவே வெண்கல புஷ். கம்பிகளின் முனைகளில் பந்தும் கிண்ணமுமாகிய மூட்டுகள்; டை ராட்டின் முனையில் இருப்பது டை ராட் எண்ட். இவற்றில் எந்த ஒன்று தேய்ந்தாலும் வீலில் ஆட்டம் தெரியும். எந்த ஒன்று கழன்றாலும் வண்டி ஓட்டுநர் சொல்வதைக் கேட்காது. பிரேக் போனால் கியரை இறக்கியாவது வேகத்தைக் குறைக்கலாம். ஸ்டீயரிங் போனால் அப்படி ஒரு மாற்று வழி கிடையாது. பழைய காருக்குக் கிடைத்ததைப் பொருத்திச் சமாளிக்கும் நம் ஊர்ப் பட்டறைத் திறமையை மெச்சலாம், ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அதற்கு எல்லை உண்டு.

திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கூடுதலாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும் என்ற கணக்கு காருக்கு முந்தியது. மியூனிக் நகரில் வண்டி செய்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காக 1817ல் இதைக் கண்டார். லண்டனில் அவருக்கு முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818ல் காப்புரிமை பெற்றார். பேர் முகவருக்கே நின்றுவிட்டது. (உத்திரமேரூர் மாட்டுவண்டிக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை: இரண்டே சக்கரம், திருப்புவது மாட்டின் வேலை.) ஆரம்பக் கார்களில் வட்ட வீல் இல்லை, ஒரு கைப்பிடித் தண்டுதான். 1894ல் பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் தன் பனார் காரில் வட்ட வீலைப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. வேகமும் எடையும் கூடக் கூட, கையின் பலத்தைப் பெருக்கப் பற்சக்கரப் பெட்டி தேவைப்பட்டது. ஃபோர்டு மாடல் டி காரில் சிறு பற்சக்கரங்கள் வீலின் அடியிலேயே இருந்தன. பின்னால் வந்தவற்றில் திருகு போன்ற வார்ம் ஒன்று பல் வைத்த செக்டரைத் திருப்பும் பாக்ஸ் பரவியது.

இந்தப் பாக்ஸ்களைப் பெரும்பாலும் கார் கம்பெனிகள் தாங்களே செய்யவில்லை. இங்கிலாந்தில் பர்மன், மார்லஸ், அமெரிக்காவில் ராஸ், ஜெம்மர் என்று ஸ்டீயரிங்குக்கென்றே நிறுவனங்கள் இருந்தன. ஒரே நிறுவனத்தின் பாக்ஸ் பல பேருள்ள கார்களில் ஏறியது. தேடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் குறைவு. காரின் பேரைச் சொல்லிக் கடை கடையாக ஏறுவதைவிட, பாக்ஸின் வார்ப்பில் புடைத்து நிற்கும் பேரையும் எண்ணையும் துடைத்துப் படித்து, அந்தப் பேரில் தேடுவது விரைவில் பலன் தரும்.

சென்னைக்குக் கார் வந்தது 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில். 1903ல் மவுண்ட் ரோட்டு சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். ஆனாலும் அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கார் என்பது கப்பலில் வரும் சாமான்தான். சிம்சன், அடிசன் போன்ற விற்பனையாளர்கள் மவுண்ட் ரோட்டில் கடை போட்டிருந்தனர். தெற்கே, டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல் தொடங்கிய நிறுவனம் பஸ் ஓட்டியதோடு கார் விற்பனையிலும் இறங்கியது. உதிரிபாகம் வேண்டுமென்றால் விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொல்லி எழுத வேண்டும். கையிருப்பில் இல்லாதது கப்பலில் வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். 1929ல் டி. ஆர். கணபதி அய்யர் தொடங்கிய ரானே (மெட்ராஸ்) நிறுவனமும் அப்போது வாகனங்களையும் பாகங்களையும் வாங்கி விற்கும் வியாபாரமாகத்தான் பிறந்தது.

கிராமங்களுக்கு வந்தவற்றில் அமெரிக்க வண்டிகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஃபோர்டு, ஷெவர்லே போன்றவை தரையிலிருந்து உயர்ந்து நின்றன, அடிச்சட்டம் கெட்டி, விலையும் கட்டுப்படியானது. உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலை வழிதான். அந்தச் சாலைகளில் பல, ஏரிக்கரை மேலும் வயல் வரப்பை ஒட்டியும் போனவை. வண்டிச் சோடு விழுந்தவை. சோட்டில் முன்சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி டை ராட் வழியாக பாக்ஸின் பல் வரை போகிறது. கோடையில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. அந்தக் காலத்து மூட்டுகளுக்குத் தோல் உறை அல்லது வெறும் கிரீஸ்தான் காவல். கிரீஸ் வைக்கத் தவறிய மூட்டில் புழுதி புகுந்தால் அது அரம் வைத்துத் தேய்த்த வேலையைச் செய்யும். பிற்காலத்தில் சாலவாக்கம் பக்கத்துக் கல் குவாரித் தூளும் இதோடு சேர்ந்துகொண்டது. மிராசுதார் வீட்டு ‘பிளஷர்’ கார் ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல்தான் ஓடியிருந்தாலும், நகரத்துக் காரைவிட அதன் ஸ்டீயரிங் முந்தித் தேய்ந்ததற்கு இதுவே காரணம்.

வலப்பக்க ஸ்டீயரிங் என்பதும் இந்தக் கதையில் முக்கியமான விஷயம். இங்கே வந்த ஃபோர்டு கார்களுக்கு மூலம் அமெரிக்கா அல்ல, கனடா. பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளை அனுப்பும் பொறுப்பு ஃபோர்டின் கனடா நிறுவனத்திடம் இருந்தது. 1926ல் அமைந்த ஃபோர்டின் இந்தியக் கிளை அதற்குக் கீழ்ப்பட்டது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று துறைமுக நகரங்களிலும் அது கார்களைப் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் ஆலை வைத்தது. இன்று அமெரிக்காவில் மாடல் ஏ ஃபோர்டுக்கு ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே ஓடியவை இடப்பக்க ஸ்டீயரிங் கார்கள். வலப்பக்கத்துக்கு பாக்ஸின் கூடும் டிராப் ஆர்மும் வேறு. எனவே இந்தியாவில் கிடக்கும் காருக்கு உண்மையான துணை அமெரிக்காவில் இல்லை; கனடாவிலிருந்து அதே கார்களை வாங்கிய ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இருக்கிறது. இது தெரியாமல் அமெரிக்காவிலிருந்து தருவித்துச் சுங்கமும் கட்டிய பிறகு, பிரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

இரண்டாம் உலகப்போர் இந்த வரத்தை அடைத்தது. அமெரிக்கா 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தியது. இங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்னால் கரி கேஸ் அடுப்பு ஏறியது. புதுப் பாகம் வராத அந்த ஆண்டுகளில் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை ஓட்டும் வழக்கம் ஊன்றியது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் டாட்ஜ், ஃபோர்டு, ஷெவர்லே லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. அவற்றின் பாகங்கள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து பட்டறைகளுக்குப் போயின. பிரித்து விற்பது ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இந்த ஏலச் சரக்கு பெரிய உரம்.

விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்ற கொள்கை வலுத்தது. சென்னை இதில் முந்திக்கொண்ட ஊர்களில் ஒன்று. 1948ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்டன. அந்நிறுவனம் 1955ல் அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் திரும்பியது. அதே 1948ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அமைந்து, வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்தது. அன்று உத்திரமேரூரும் வண்டலூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். ஸ்டாண்டர்ட் ஆலை அந்த வகையில் இந்த வட்டாரத்தின் சொந்தக் கார் ஆலை.

திருப்பம் 1953ல் வந்தது. வெறுமனே பூட்டி விற்காமல், படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களை மட்டும் அனுமதிக்கலாம் என்று சுங்கவரிக் குழு அரசுக்குப் பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதற்கு இசையாமல் ஆலைகளை மூடின. உதிரிபாக இறக்குமதிக்கு உரிமம், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்று கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அந்தக் கொள்கை செய்த நன்மை பெரிது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க கார்கள் ஒரே அடியில் அநாதைகளாயின. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவற்றுக்கு நேர்ந்ததை எந்தப் பழைய காரையும் குனிந்து பார்த்தால் காணலாம். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அதை சிம்சன் கம்பெனி சென்னை செம்பியத்தில் செய்துகொண்டிருந்தது. டீசல் எஞ்சினின் எடை முன் அச்சை அழுத்தியது, கிங் பின் விரைவில் தேய்ந்தது. மூல பாக்ஸ் தேய்ந்ததும் ஜீப் பாக்ஸைத் தட்டு வைத்துப் பூட்டினார்கள். வண்டி ஓடியது, ஆனால் கம்பிகளின் நீளமும் கோணமும் மாறியதால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வீல் தானாகத் திரும்பும் கோளாறும் கூடவே வந்தது. இன்று மீட்டெடுக்கக் கைக்கு வரும் பல கார்களில் முதல் வேலை தேய்ந்த பாகத்தை மாற்றுவதல்ல. அங்கே முதலில் எந்தப் பாகம் இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான்.

இதன் மறுபக்கம், சென்னை உதிரிபாகங்களின் தலைநகரமானது. 1960 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்–டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை எழுந்தன. ஸ்டீயரிங் பக்கம் ரானே வந்தது. 1960ல் ரானே (மெட்ராஸ்) டை ராட் எண்ட் செய்யத் தொடங்கியது. பின்னர் ஸ்டீயரிங் பாக்ஸும் செய்தது. விற்பனைக் கடையாகத் தொடங்கியவர்கள் உற்பத்திக்கு மாறிய கதை இது. இந்த ஆலைகள் செய்தவை அன்று ஓடிய இந்திய வண்டிகளுக்கானவை: அம்பாசிடர், ஃபியட், ஜீப், லேலண்ட், டாடா. எனவே ஒரு கார் இந்தப் பட்டியலில் இருந்ததா இல்லையா என்பதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் ராக் அண்ட் பினியனும் டை ராட் எண்டும் அவ்வளவு காலம் செய்யப்பட்டதால், அதற்கு மூத்த லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவருக்கும் பல இடங்களில் கை கொடுக்கின்றன.

இந்த வட்டாரத்தின் சொந்தக் காரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் நிலை தனி. 1961ல் வண்டலூரில் வெளிவரத் தொடங்கிய ஹெரால்ட், இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட் காரின் இந்திய வடிவம். குறுகிய இடத்தில் திரும்புவதில் அதற்கு இணை கிடையாது: 25 அடி வட்டத்துக்குள் வளைந்துவிடும். தெருவின் முட்டுச்சந்தில் ஒரே வீச்சில் திருப்பிக் காட்டுவது அன்றைய ஹெரால்ட் உரிமையாளர்களின் பெருமை. அந்த வளைவுக்காக அமைந்த முன்பக்கத்தில் ஒரு பலவீனமும் சேர்ந்தே இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் துண்டின் கீழ்முனையில் மரை வெட்டி, அதை ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டையில் திருகி வைத்திருந்தார்கள். சக்கரம் திரும்பும்போது மரையே மூட்டாக வேலை செய்யும். இதற்கு வைக்க வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய். நம் சர்வீஸ் நிலையங்களிலோ நிப்பிள் கண்ட இடத்திலெல்லாம் கிரீஸ் கன்னை அழுத்துவது பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே நீர் தங்கித் துரு ஏறும். ஒரு நாள் நெட்டுத் துண்டு முறிந்து முன்சக்கரம் மடங்கும். ஹெரால்டின் கெட்ட பேருக்குப் பாதிக் காரணம் காரில் இல்லை, கிரீஸ் கன்னில்தான்.

ஹெரால்டுக்குப் பின் கேசல் வந்தது, 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. 1988ல் ஆலையில் கார் உற்பத்தி நின்றுபோனது. உள்ளூரில் பாகம் செய்தவர்களும் கை விட்டார்கள். ஆனாலும் ஹெரால்டுக்கு ஒரு நல்ல காலம். அதே முன்பக்க அமைப்பை டிரையம்ஃப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற கார்களிலும் வைத்தது. அந்தக் கார்களை இங்கிலாந்தில் பேணி ஓட்டுகிறவர்கள் இன்றும் ஏராளம் என்பதால் ட்ரனியனும் நெட்டுத் துண்டும் ஸ்டீயரிங் ராக்கும் அங்கே புதிதாகச் செய்யப்படுகின்றன. வண்டலூரில் பிறந்த காருக்கு இங்கிலாந்திலிருந்து சாமான் வருகிறது.

உள்ளூரில் தேடுவதற்கு இரண்டு சந்தைகள். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதுப் பாகங்களுக்கானது. ஜி.பி. ரோடு என்றால்தான் தெரியும். கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை பிரித்தெடுத்த பாகங்களுக்கானது. புதுப்பேட்டையில் ஒரு கார் வந்து இறங்கினால் சில மணி நேரத்தில் எஞ்சின் ஒரு கடையிலும் கதவு ஒரு கடையிலும் அச்சு ஒரு கடையிலுமாகப் பிரிந்துவிடும். எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அறிவு அங்கே ஏட்டில் இல்லை, ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. அரசு அலுவலகங்கள் கழித்த அம்பாசிடர்களும் ஜீப்புகளும் பல காலம் ஏலத்தில் இப்படிப்பட்ட சந்தைகளுக்குத்தான் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். அந்த ஊற்றுக்கண் இனி சுருங்கும்.

பிரித்தெடுத்த ஸ்டீயரிங் பாகத்தை வாங்குவதில் நல்லது கெட்டது பிரித்தறிய வேண்டும். பாக்ஸின் கூடு, டிராப் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் போன்ற கெட்டியான துண்டுகளைப் பழையதாக வாங்கலாம். விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். இதற்குப் பட்டறைகளில் பழைய சோதனை ஒன்று உண்டு. துண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். இன்று சாயமும் காந்தத் தூளும் கொண்டு செய்யும் ஆலைச் சோதனைகள் இன்னும் நுட்பமானவை, ஆனால் கிராமத்துப் பட்டறைக்கு மண்ணெண்ணெய்ச் சோதனை செலவில்லாதது. டை ராட் எண்ட், கிங் பின், புஷ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. தேய்வதற்கென்றே செய்த பாகங்கள் அவை. விற்காமல் அலமாரியில் கிடந்த பழைய புதுச் சரக்கு வேறு வகை: எஃகு கெடாது, ஆனால் ரப்பர் வெடித்திருக்கும், கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். உறையை மாற்றி, உள்ளே கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்த பிறகே பூட்ட வேண்டும்.

எங்கும் கிடைக்காதபோது லேத் பட்டறை. காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் நெசவு, விவசாயக் கருவி, லாரி வேலைகளால் வளர்ந்த லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கிங் பின்னும் புஷ்ஷும் அங்கே தாராளமாகச் செய்யக்கூடியவை. அதற்கும் முறை இருக்கிறது. முளையை மென்மையான எஃகில் கடைந்து அப்படியே பூட்டினால் சில மாதங்களில் பள்ளம் விழும். ஏற்ற எஃகில் கடைந்து, மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங் செய்து, அளவுக்குச் சாணை பிடிக்க வேண்டும். உள்ளே மென்மை, வெளியே கடினம்: அதிர்ச்சியில் ஒடியாமலும் உரசலில் தேயாமலும் இருக்க இந்த இரண்டும் வேண்டும். புஷ் பாஸ்பர் வெண்கலத்தில் இருக்க வேண்டும். அதை இறுக்கமாகத் தட்டி ஏற்றிய பிறகு உள்விட்டம் சுருங்கும். அதனால் ஏற்றிய பின்தான் மேல் கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நீண்ட ரீமரால் நேர்க்கோட்டில் அளவுக்குக் குடைந்தெடுக்க வேண்டும். அவசர வேலையில் விடுபடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான்.

டை ராட் எண்டை லேத்தில் செய்வது வேறு விஷயம். அதன் பந்தும் தண்டும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கிய கலப்பெஃகு. தண்டு கூம்பு வடிவம். எதிர்த் துளையும் அதே கூம்பு. இரண்டும் முழுக்க ஒட்டி உட்கார்ந்தால்தான் பலம் தாங்கும். கூம்பு பொருந்தாமல் விளிம்பில் மட்டும் தொட்டால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நாளடைவில் ஆடித் தண்டு முறியும். நீலச் சாயம் தடவிப் பொருத்தி எடுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். மரையிலும் கவனம் வேண்டும்: போருக்கு முந்திய ஆங்கிலேயக் கார்களில் பி.எஸ்.எஃப்., அமெரிக்கக் கார்களில் அவர்கள் மரை, இன்றைய வண்டிகளில் மெட்ரிக். ஏறக்குறைய ஒத்துப்போகும் மரை, ஒத்தே போகாத மரையைவிட ஆபத்து, ஏனென்றால் அது நாலு சுற்று ஏறிப் பிடித்தது போல் நடிக்கும். முறிந்த டிராப் ஆர்மையோ டை ராட்டையோ வெல்டிங் வைத்து ஓட்டுவது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. வெல்டிங்கின் சூட்டில் ஓரத்து எஃகின் பதம் மாறி நொறுங்கும் தன்மை வருகிறது. அடுத்த முறிவு வெல்டிங்கில் வராது, அதை ஒட்டிய இடத்தில் வரும். அந்த யோசனையை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது.

1990களில் நிலைமை தலைகீழானது. 1996ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, ஃபோர்டு மறைமலை நகருக்கு வந்தது, 2010ல் ரெனோ–நிசான் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கியது. இதற்கிடையே 1997ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் உருவாயிற்று. 2019ல் அது மறுபடி பிரிந்தபோது உத்திரமேரூர் காஞ்சிபுரத்தோடு நின்றது, வண்டலூரும் மறைமலை நகரும் செங்கல்பட்டுக்குப் போயின. வாலாஜாபாத்–ஒரகடம் சாலையில் வாரணவாசியில் ரானே (மெட்ராஸ்) நிறுவனத்தின் ஸ்டீயரிங் ஆலை இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாகச் சென்னைக்குச் சாமான் தேடிப் போகிறவர் அந்த ஆலையைக் கடந்துதான் போகிறார். அங்கே நின்று கேட்டுப் பயனில்லை. இன்றைய ஆலை, அச்சு செய்து ஆயிரக்கணக்கில் ஒரே பாகத்தை அடிக்கும் முறையில் இயங்குவது. 1938ஆம் ஆண்டுக் காருக்கு இரண்டு எண்ட் என்பது அதன் கணக்கிலேயே வராது. உலகச் சந்தைக்கு ஸ்டீயரிங் செய்யும் மாவட்டத்தில் பழைய காருக்கு ஸ்டீயரிங் சாமான் இல்லை என்பது முரணாகத் தோன்றினாலும், தொழில் இயங்கும் விதம் தெரிந்தவருக்கு அதில் வியப்பில்லை. ஒரே ஒரு நன்மை உண்டு. இந்த ஆலைகளைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளில் கணினி லேத்தும் சூடேற்றிக் கடினமாக்கும் வசதியும் வந்துவிட்டன. நாற்பது ஆண்டுக்கு முன் கிராமத்தில் கனவில்கூட நினைக்க முடியாத துல்லியத்தில் ஒரு கிங் பின்னை இன்று மாவட்டத்துக்குள்ளேயே செய்து வாங்கலாம்.

சட்டமும் பழைய காரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது விதி. டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய அமெரிக்க கார்களுக்கு இது இடைஞ்சல்தான். மூல நிலைக்குத் திருப்பினால் முன் அச்சின் சுமையும் குறையும், ஸ்டீயரிங்கும் பிழைக்கும்.

மூல அமைப்பைக் கண்ணால் பார்த்து ஒப்பிட விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு இடங்கள் உண்டு. ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் கோயம்புத்தூரில் 2015 முதல் இருக்கிறது. சென்னை வடபழனியில் ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகம் 2023ல் திறக்கப்பட்டது. ஒரு பாகம் எந்தக் கோணத்தில் நின்றது, எந்தக் கம்பி எதன் மேல் போனது என்ற ஐயங்கள் படத்தைவிட நேரில் எளிதில் தீரும்.

தேடுகிற வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் பாக்ஸின் பேரும் எண்ணும், பிறகு அதே பாகத்தை வாங்கிய வேறு கார்களும் வேறு நாடுகளும், பிறகு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை; கடைசியாக லேத். ஜீப், அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர் மூன்றாவது படியிலேயே முடித்துக்கொள்வார். ஹெரால்ட் வைத்திருப்பவருக்கு இரண்டாவது படியில் கிடைக்கும். போருக்கு முந்திய கார் வைத்திருப்பவர் நான்கையும் ஏறி இறங்க வேண்டும். யாராக இருந்தாலும், புதுப் பாகம் கைக்கு வந்து பூட்டி ஓட்டிப் பார்க்கும்வரை கழற்றிய பழைய பாகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேய்ந்தே போயிருந்தாலும், கூம்பின் சாய்வும் மரையின் அளவும் அதில்தான் இருக்கின்றன.